அலைகரையில் ஒரு வேலி

குளத்தின் விலை நூறு ரூபா.

தகரப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது: "உள்ளே செல்ல ஆளுக்கு 100/=". சிறுவர்களுக்கு விலைக்கழிவு இல்லை. தவளைகளுக்கு மட்டும் இலவசம்.

பலகையைக் கம்பிவேலியில் கட்டியவர் தில்லைநாதன். கொழும்பில் வியாபாரம் செய்தவர். தர்மபுரத்துக்கு வந்து குளத்தோரக் காணியை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சாரங்காவுக்குப் பத்து வயது. அம்மா வேலை முடிந்து வர ஏழு மணியாகும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் குளத்துக்குத்தான் போவாள். அவளோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். நீந்துவதைவிடச் சண்டைதான் அதிகம். ஆனாலும் அந்தச் சண்டை இல்லாமல் பொழுது போகாது.

வேலி வந்தபின் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஜெயரூபி ரியூசனில் சேர்ந்தாள். நிருஷன் தன் அண்ணனின் போனோடு குசினி அடுப்போரம் ஒதுங்கினான். சாரங்கா மட்டும் தினமும் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். வீட்டில் இருந்தால் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் கதைக்கும்.

ஒருநாள் மாலை தில்லைநாதன் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"காசு கொண்டு வந்தனியோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. சும்மா பாக்கிறன்."

"பாக்கிறதுக்குக் காசில்லை," என்றார், பெரிய மனதோடு. "இதிலை ரெண்டு கொட்டில் போடப்போறன். ஆக்கள் வந்து தங்க. கட்டிலும் வாங்கியாச்சு."

சாரங்கா குழியை எட்டிப் பார்த்தாள். வாய் திறக்காமல் இருந்தால் போதும். மாரி மழையில் குளம் ஏறி வந்து வேலியைத் தானே சாய்த்துவிடும். ஆனால் கட்டிலோடு ஆட்களும் மிதப்பார்களே!

"ஐயா, காணியை எப்ப பாத்தனீங்கள்?"

"ஆவணியில. ஏன்?"

"தோண்டின மண்ணைப் பாருங்கோ."

மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள்.

"இஞ்சை எப்பிடி நத்தை வந்தது?"

"அது இஞ்சைதான் இருந்தது ஐயா. நீங்கள்தான் வந்திருக்கிறியள்."

வேலியோரத்து மருத மரத்தைக் காட்டினாள். அவளுடைய தலைக்கு மேலே, அடிமரத்தில் ஒரு சேற்றுக் கோடு.

"போன மாரியில தண்ணி அதுவரைக்கும் நிண்டது. தண்ணி ஏறி இறங்கிற இடமெல்லாம் அலைகரை. அது ஊருக்குப் பொது, ஆரும் விக்கேலாது. வயலுக்குக் குளத்துத் தண்ணி விடுற கமக்கார அமைப்பு வீரையா ஐயாட்டைக் கேளுங்கோ. எல்லைக்கல்லைக் காட்டுவார்."

தில்லைநாதன் குழி தோண்டிய அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார். "காணி காட்டின தரகன் இதைச் சொல்லேல்லையே!"

"மாரியில கூட்டிக்கொண்டு வந்திருந்தா, நீங்கள் நீந்தித்தான் காணி பாத்திருப்பியள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட மறந்துபோனார்.

மறுநாள் வீரையா வந்து பற்றையை வெட்டினார். வேலிக்கு நாற்பது அடி பின்னால், மேட்டுப் பக்கம் எல்லைக்கல் கிடந்தது. வேலி முழுக்க அலைகரைக்குள்ளேயே நின்றது. தில்லைநாதன் தரகனைத் திட்டித் திட்டிக் கம்பியைச் சுருட்டினார். மறுமுனையைச் சாரங்கா பிடித்துக்கொண்டாள்.

குளம் திறந்தது. சாரங்கா இறங்கினாள். அவள் மட்டும்தான். "ஜெயரூபி!" என்று கத்தினாள். அக்கரை அவளுடைய குரலையே திருப்பித் தந்தது. நேரம் போனது. கரையில் நின்ற கொக்கும் போய்விட்டது.

அடுத்த நாளும் தனியாகத்தான் நின்றாள். பிறகு குளக்கட்டில் ஒரு சைக்கிள் மணி. ரியூசன் பையோடு ஜெயரூபி.

"காசு கேக்கினமோடி?"

"இல்லையடி! இறங்கு!"

இறங்கிய கையோடு யார் முதலில் மூழ்குவது என்று சண்டை தொடங்கியது.

ஏழு பேரில் இரண்டு பேர் வந்தாயிற்று. ஐந்து பேர் பாக்கி.