மேல்நீரைக் கொட்டியவன்

"அய்யய்யோ... அதைக் கொட்டிட்டீங்களா?"

அடோமா போட்ட சத்தம் ஆய்வுக்கூடத்தின் வாசல்வரை கேட்டது. கையிலிருந்த ஐஸ் வாளியை மேசையில் இறக்கிவிட்டு ஓடினாள். கழுவுதொட்டியருகே நின்ற அந்நியன் திரும்பினான். நெடிய உருவம்... மழையில் நனைந்த சட்டை... குற்ற உணர்வே இல்லாத பெரிய கண்கள்!

அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கோச்சுக்காதீங்க மேடம். என் பேரு ஒபிரி, கால்நடைப் பிரிவு. எங்க பக்கம் கரண்ட் இல்ல. மாட்டு ரத்தத்தை வேகமாச் சுத்திப் பிரிக்கத்தான் உங்க மெஷினைத் தேடி வந்தேன். அதுல உங்க சோதனைக் குழாயெல்லாம் சுத்தி முடிச்சு நின்னுது. உதவலாமேன்னு மேல இருந்த தண்ணியைக் கொட்டிட்டு, அடியில இருக்கறதைப் பத்திரமா வச்சிருக்கேன்."

"உதவியா? யார் கேட்டா உங்க உதவியை?"

ரத்தம் பார்க்கிறவர்களின் பழக்கம் அது. அவர்களுக்கு வேண்டிய சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேல்நீரைக் கொட்டிவிடுவார்கள். ஆனால் இது அரைத்த ஆட்டு ஈரல்! மெதுவாகச் சுற்றினால் உட்கருக்களும் உடையாத செல்களும்தான் அடியில் படியும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா மேல்நீரில் அல்லவா மிதக்கும்? அத்தனையும் இப்போது கானா நாட்டின் குமாசி நகரத்துச் சாக்கடையில்.

"விடியக்காலையில ஆட்டுத்தொட்டிக்குப் போய் வாங்கின ஈரல் இது! இதோட மூச்சை, அதாவது ஆக்சிஜன் இழுக்கற வேகத்தை அளக்கற கருவி தலைநகர் அக்ராவிலிருந்து வந்த இரவல். நாலு மணிக்குத் திரும்பிப் போகுது. இன்னைக்கு அளவு எடுக்கலேன்னா என் நாலு வருஷ ஆராய்ச்சிக்குப் பட்டமே கிடையாது... புரியுதா?"

அவன் முகம் வெளிறிப்போனது. "இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு. ஏன், அதையும் கொட்டணுமா?"

ஒரு வார்த்தை இல்லை. கொட்டுகிற மழையில் இறங்கி ஓடியே போய்விட்டான்!

அடுத்து வந்தவர் பேராசிரியர் அம்பெம். மேல்நீர் இல்லாத குழாய்களைப் பார்த்தார். "கல்யாண வயசுப் பொண்ணுங்களை ஆராய்ச்சியில சேர்த்தா இப்படித்தான். புத்தி எங்கேயோ மேயும்!"

என்ன அநியாயம்! இதே பிழையை ஓர் ஆண் செய்திருந்தால் அவனுடைய கல்யாணத்தை இழுத்திருப்பாரா? ஒபிரியின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ சொல்லவில்லை. அவர் அடுத்த அறைக்குப் போனதும் சன்னலோரம் நின்று அழுதாள்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. சொட்டச் சொட்ட ஒபிரி... நெஞ்சோடு அணைத்த ஐஸ் பெட்டி!

"இப்பதான் அறுத்த ஈரல். கசாப்புக்காரர் காலைப் பிடிக்காத குறை."

சத்தம் கேட்டு அம்பெம் எட்டிப்பார்த்தார். "ஓஹோ... வேலைக்கு ஆள் வேற பிடிச்சாச்சா?"

"சார், காலையில கொட்டினது நான். அவங்க ஐஸ் எடுக்கப் போயிருந்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மன்னிப்பா? அதெல்லாம் அவர் அகராதியில் ஏது!

அடோமா ஐஸில் வைத்தே ஈரலை அரைத்தாள், சுற்றினாள். ஒபிரி சுவரோடு ஒட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேல்நீரை..."

"தொட்டீங்கன்னா கையை உடைப்பேன்!"

மேல்நீரை வேறு குழாயில் ஊற்றி, இம்முறை வேகமாகச் சுற்றினாள். இப்போதுதான் மைட்டோகாண்ட்ரியா அடியில் படிந்தது.

"அதோட சவ்வு கிழிஞ்சிருந்தா?" என்றான் மெல்ல.

"கிழிஞ்சிருந்தா மூச்சு கண்டபடி ஓடும். முழுசா இருந்தா, நாம கொடுக்கற ரசாயனத்தை வாங்கிட்டு வேகமா மூச்சு விடும். அது தீர்ந்ததும் தானா அடங்கும்."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியைப் பார்த்தார்கள். காகிதத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு சரசரவென இறங்கியது... பிறகு சாய்வு குறைந்து நிதானமானது. அழகான, முழுமையான சவ்வு! மணி மூன்று இருபது. பட்டம் பிழைத்தது.

"அடங்கிடுச்சு மேடம்... உங்க கோபம்?"

"அடங்கல!" அவள் கண்கள் மறுபடி கலங்கின. "அவர் திட்டினதுக்குக்கூட நான் அழல. நீங்க ஒரு வார்த்தை சொல்லாம ஓடினீங்களே... அதுக்குத்தான் அழுதேன். பத்து நிமிஷம் பார்த்த ஆளு போனா எனக்கு ஏன் அழுகை வரணும்? சொல்லுங்க!"

"தெரியல. ஆனா ஈரல் கிடைக்காம போயிருந்தாலும் நான் திரும்பி வந்திருப்பேன். திட்டு வாங்கவாவது."

"ஏன்?"

"திட்டும்போது உங்க கண்ணு... அதை இன்னொரு தரம் பார்க்கணும்னு இருந்துச்சு."

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள். வெட்கம் என்னவோ அவளுக்குத்தான் வந்தது. "இனிமே எங்க போறதா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு... அதான் இவ்வளவு கோபம்!"