ஒருவருக்கான காற்று

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் காலையானதும் குழாயில் காற்று வரும். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கு. வீடுகளின் உரிமையாளர் மனிதர் அல்லர். மனைமதி என்ற இயந்திர மூளை. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவோ ஒட்டுக்கேட்கவோ சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால்தான் அதன் செவி திறக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் செண்பகவல்லி தன் உள்ளறையை ஷமீமாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். இருவருக்கும் கீரைப் பண்ணையில் வேலை. ஷமீமாவின் கணவன் நிலவின் மறுபக்கத்தில் பனிச் சுரங்கத்தில் இருந்தான். கர்ப்பிணிகளை மகளிர் விடுதியில் வைத்துக்கொள்வதில்லை. "பிரசவம் வரைக்கும் எங்கூட இரு" என்று செண்பகவல்லிதான் அழைத்து வந்தாள்.

ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. உரிமையாளரைக் கேட்காமல் உள்வாடகைக்கு விட்டால் குடியிருப்பவரின் ஒப்பந்தம் ரத்து. உள்வாடகைக்கு வந்தவருக்கோ ஒப்பந்தமே கிடையாது. வெளியே அனுப்பினால் முறையிட இடமில்லை. இருவரும் அடுத்த கலத்தில் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். கலம் பூமியின் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து இறங்கும்போது உடலை நசுக்கும் அழுத்தத்தை வயிற்றுப் பிள்ளை தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எனவே ஒருவருக்கான காற்றை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகும் செண்பகவல்லி பண்ணையிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள்.

"வேலை இருக்குன்னு பொய் சொல்றீங்கக்கா" என்றாள் ஷமீமா ஒருநாள். "எனக்குக் காத்து மிச்சம் வைக்கத்தானே வெளியில நிக்கிறீங்க?"

"நீ ரெண்டு பேருக்கு மூச்சு விடணும்ல?"

ஏழாம் மாதத்தில் ஒரு மாலை, செண்பகவல்லி கதவைத் திறந்தபோது ஷமீமா தரையில் கிடந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. உலுக்கியும் அசையவில்லை. செண்பகவல்லிக்கு ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. கலமும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் அதற்குள் கத்திவிட்டிருந்தது.

"மனைமதி! வீட்டுல இன்னொரு ஆள் இருக்கு! அவ வயித்துல ஒண்ணு இருக்கு! காத்தைத் திறந்து விடு!"

குழாய் சீறியது. செண்பகவல்லி அவள் தலையை மடியில் தூக்கி வைத்து நெஞ்சை நீவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஷமீமா கண் விழித்தாள்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன். நீ மூச்சை இழு, தாயி."

மனைமதியின் குரல் நிதானமாக வந்தது. "ஏன் என்னிடம் முன்பே கேட்கவில்லை?"

"கேட்டு, நீ முடியாதுன்னுட்டா இவ எங்க போவா?"

"ஆள் கூடியது தெரியாவிட்டால் காற்றுப் போதாமல் யாராவது இறந்துவிடுவார்கள். அனுமதி கேட்கச் சொன்னது அதற்காகத்தான். மறுப்பதற்கு எனக்கு வேறென்ன காரணம் இருக்கிறது?"

செண்பகவல்லிக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை பீறிட்டது. மனைமதி ஒப்பந்தத்தில் ஷமீமாவின் பெயரைச் சேர்த்துவிட்டுக் கேட்டது: "மூன்றாமவர் எப்போது வருகிறார்?"

மூன்றாமவள் சுகமாகப் பிறந்தாள். சின்ன நுரையீரலுக்கான காற்றோடு, கணவன் வந்து தங்கும் நாட்களுக்கான காற்றையும் மனைமதி ஒதுக்கியது.

விதியைவிட விதியின் மேலுள்ள பயமே ஆளைக் கொல்லும் என்பது அதற்குப் புரிந்திருந்தது. ஆகவே புதிய அறிவிப்பு வந்தது: இனி அனுமதி தேவையில்லை, யாரும் யாருக்கும் அறை விடலாம், ஆள் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். குடியிருப்பே கொண்டாடியது. ஒரே வாரத்தில் பொது அறிவிப்புத் திரை வாடகை விளம்பரங்களால் நிறைந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, குழந்தைக்கு அறையைக் கொஞ்சம் சூடாக்கச் சொல்லிச் செண்பகவல்லி மனைமதியை அழைத்தாள். சூடாக்கிவிட்டு அது தயங்கியது.

"எனக்கு ஒரு சந்தேகம். முக்கால்வாசி விளம்பரங்களில் 'நம்ம ஆளுங்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள்."

ஷமீமா நிமிர்ந்து பார்க்கவில்லை. செண்பகவல்லி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"என் பதிவுகளையெல்லாம் தேடிவிட்டேன்" என்றது மனைமதி, உண்மையான கவலையோடு. "நிலவுக்கு மனிதர்களைத் தவிர வேறு யாராவது வந்திருக்கிறார்களா?"