நூர்னிசா தூக்கிய பானை

நூர்னிசா ஒரு தப்புக் காரியம் செய்தாள். பேட்டிக்குப் போகும் முன்பே கவிதையை எழுதி முடித்துவிட்டாள்.

"ஏதாவது ஒரு வீட்டுக்குப் போங்க. என்ன விளையுது, என்ன சாப்பிடுறாங்கன்னு கேட்டுக் கவிதையா எழுதிட்டு வாங்க. நல்ல கவிதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போட்டிக்குப் போகும்" என்று பரிபூரணம் டீச்சர் ஆறாம் வகுப்பில் சொல்லியிருந்தார்.

நூர்னிசாவின் கவிதையில் வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. மழை பொய்த்த 1983ஆம் வருடம் அது. ராஜபாளையத்தில் அவள் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் கதவு மட்டும்தான்.

பேருக்கு நாலு கேள்வி கேட்கலாம் என்று, பக்கத்தில் உட்காரும் இருளம்மாளின் வீட்டுக்குப் போனாள். நோன்பு மாதம். நூர்னிசா விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இருளம்மாளின் அப்பா சமுத்திரம், வாசலில் உட்கார்ந்து அய்யனார் கோவில் மலைப் பக்கம் மேகம் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா விளையுது?"

"புழுதிதான். எழுதிக்கோ."

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் கீரைக் குழம்பும்" என்று அம்மா அய்யம்மாள் அவசரமாகச் சொன்னாள். அடுப்பில் பூனை படுத்துக் கிடந்தது.

"ஆடியில மழை வந்தா விதைச்சிருவேன். விதைச் சோளம் ஒரு பானை இருக்குல்ல" என்று சமுத்திரம் மூலையைக் காட்டினார். சாணியால் வாயை மெழுகி அடைத்த பானை. விதைக்கும் நாள்வரை அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

"எம்புட்டு இருக்கும் மாமா?"

"தூக்கித்தான் பாரேன். உன்னால அசைக்கவே முடியாது."

நூர்னிசா தூக்கினாள். பானை ஒரு கையிலேயே வந்துவிட்டது.

அய்யம்மாளின் முகம் வெளுத்தது. கனமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று நூர்னிசா நினைத்தாள். நோன்பு வைத்த வாயில் பொய் வரவில்லை. அதற்குள் சமுத்திரம் எழுந்து வந்து தானும் தூக்கிப் பார்த்தார்.

"எப்போ?"

"பிள்ளை பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தாள்ல, அன்னைக்கு எடுத்து ஆக்கிட்டேன். பொறவு மெழுகி வச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. பானையை மெதுவாக வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று நூர்னிசாவுக்குத் தோன்றியது.

இருளம்மாள் மயங்கி விழுந்த அன்று அவள் முகத்தில் தண்ணீர் தெளித்ததே நூர்னிசாதான். வெயில் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் மதியச் சோறு கிடைத்தது. ஆறாம் வகுப்புக்குக் கிடையாது. மதியம் இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நூர்னிசா ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க இரண்டு தூக்குவாளியோடு நின்றாள். கஞ்சி ஊற்றும் அல்லா பிச்சை அகப்பையை நிறுத்தினார்.

"ஏட்டி, வீட்டுக்கு ஒண்ணுதானே?"

"இது ரெண்டு வீட்டுக்கு, சாச்சா."

"ரெண்டாவது யாரு வீடு?"

"நான் கேள்வி கேட்டுட்டு வந்த வீடு."

அவர் அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்தார். இரண்டாவது வாளியில் வழிய வழிய ஊற்றினார்.

"நோன்புப் பெருநாள் வரைக்கும் ரெண்டு வாளியும் கொண்டா" என்றார்.

நோன்புக் கஞ்சியை அந்தத் தெருவில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அய்யம்மாளும் சொல்லவில்லை.

நூர்னிசா பச்சை வயலைக் கிழித்துப் போட்டாள். மறுநாள் புதுக் கவிதையை முதலில் இருளம்மாளிடம் காட்டினாள்.

என்ன விளைந்தது என்று கேட்டேன்.
பானையைத் தூக்கச் சொன்னார்கள்.
என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டாம்.
பானையே சொல்லிவிட்டது.

"எங்க பேரு மட்டும் போடாதே" என்றாள் இருளம்மாள்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். "யார் வீடும்மா? பேட்டி கொடுத்தவங்க பேரு இல்லாம போட்டிக்கு அனுப்ப முடியாதே."

"அனுப்ப வேண்டாம் டீச்சர்."

மதியம் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயும்தான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. எப்பிடிட்டி மயங்காம இருக்கே?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"சாயங்காலம் கஞ்சி வரும்னு தெரியும்ல, அதான்."

இருளம்மாள் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எனக்கும் தெரியும்" என்றாள்.