எட்டு நாளாக ஓடுகிற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் திணறுகிறது என்று சுடலைச்செல்வி போனில் சொன்னதும், பழுது பார்க்கிற காளிராஜ் கேட்டான். “எத்தன நேரமா ஓடுதுன்னு பாருங்கக்கா. டாஸ்க் மேனேஜர்ல அப் டைம்னு போட்டிருக்கும்.”

பார்த்தாள். எட்டு நாள், மூன்று மணி, நாற்பது நிமிடம்.

அதெப்படி? இது தீப்பெட்டி ஆபீஸ். நெருப்புக்குப் பயந்து, தினமும் சாயங்காலம் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவளே அவள்தான்.

“ஷட் டவுன் குடுத்தாலும் சில நேரம் அந்தக் கணக்கு நிக்காதுக்கா. ரீஸ்டார்ட் குடுங்க, முதல்ல இருந்து ஆரம்பிச்சிரும்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

கொடுத்தாள். திரை இருண்டு மறுபடி வெளுத்தது. எட்டு நாள், மூன்று மணி, நாற்பத்து மூன்று நிமிடம்.

ஜன்னலுக்கு வெளியே கரிசலில் தூறல் விழுந்த மண்வாசனையும், பக்கத்துக் கூடத்திலிருந்து உருகிய மெழுகின் வாடையும் சேர்ந்து வர, அவற்றுக்கு அடியில், முடி கருகினால் வருகிற நாற்றம் மெல்ல மெல்ல அறைக்குள் ஏறியது. விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். போன வாரம் வியாழன், காலை பதினொன்று இருபது.

அன்று பத்தரைக்குத் தீக்குச்சி மருந்து கலக்கிற அறை வெடித்துப் பாலம்மாள் செத்தாள். பதினொன்று இருபதுக்கு முதலாளி வந்து பின்னால் நின்றார். “அவ இன்னிக்கி வேலைக்கே வரலன்னு போட்டிரும்மா.” காலையில் தனக்குப் பூக் கிள்ளிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவளை, சுடலைச்செல்வி இதே கம்ப்யூட்டரில் வரவில்லை என்று மாற்றினாள். வேலை போய்விடுமே என்கிற பயம். வேறென்ன.

பாவி, இப்போதாவது திருத்து. வருகைப் பட்டியலைத் திறந்தாள்.

பாலம்மாள். வந்திருக்கிறாள். எட்டு நாளும்.

கீழே, சுடலைச்செல்வி. இன்று வரவில்லை.

பாய்ந்துபோய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது. திரை அணையவில்லை.

கதவு திறந்தது. பெட்டி அடைக்கிற இசக்கி எட்டிப் பார்த்தாள்.

“இசக்கி, ஏட்டி, இங்கன வாயேன்!”

இசக்கியின் பார்வை அவளைத் தாண்டி மேசைக்குப் போனது. வெளியே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“சுடலைச்செல்வி இன்னிக்கி வரல போலுக்கு. பாலம்மாக்கா மட்டுந்தான் இருக்காவ.”

சுடலைச்செல்வியின் முதுகுக்குப் பின்னால், அவளுடைய நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.