களையாத அரிசி

"அரிசியக் களையாமலே அடுப்புல போடுறியே... உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா பேச்சி?"

கருப்பாயியின் குரல் குசினியைத் தாண்டி முன்கூடம் வரை போயிற்று. பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியில் வெங்காயம் வெண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தது. அது சிவக்கும் முன் அரிசியைப் போட்டாக வேண்டும். போட்டாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. மாமா காதுல விழுந்துடும்."

"விழட்டுமே! தண்ணி காட்டாத அரிசிய மனுசன் திம்பானா? அலமாக்! ஊரு கேட்டா சிரிக்கும்லா!"

விழுந்துவிட்டது. ஐயாசாமிக் கங்காணி குசினி வாசலில் வந்து நின்றார். தெப்ராவ் தோட்டத்தில் தலைக் கங்காணியாக இருந்தவர். வயது எழுபதைத் தொட்டும் முதுகு வளையவில்லை. அவர் பேச்சியைப் பார்க்கவில்லை, மூத்த மருமகளைத்தான் பார்த்தார்.

"கருப்பாயி... இந்த வீட்டுல வாய்க்கரிசிக்குத்தான் அரிசியக் களையாம எடுக்கிற வழக்கம். விருந்துக்கு அதையே போடச் சொன்னது யாருன்னு கேளு."

மூன்று வருடமாக அவர் பேச்சியிடம் நேராகப் பேசியதில்லை. அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் இல்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலம் அது. பேச்சியின் கணவன் மூர்த்திக்கும் வேலை போயிற்று. கங்காணி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பொந்தியானில் அன்னாசிக் கிட்டங்கியில் வேலை பார்த்த மூத்த மகனிடமிருந்தும் உதவி வரவில்லை. செடெனாக் பக்கம் கல் உடைக்கும் கல்மலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த இத்தாலிக்காரத் துரையின் பங்களாவில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். பேச்சி போனாள். கங்காணிக்கு மருந்தும் கஞ்சியும் அந்தச் சம்பளத்தில்தான் வந்தன. பிறகு அதே கல்மலையில் மூர்த்திக்கும் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது.

எழுந்து உட்கார்ந்த கிழவர் விஷயம் தெரிந்ததும் சொன்னது ஒன்றுதான். "மாட்டுக்கறி ஆக்கி, துரை எச்சிலைத் தின்ன கையால எனக்குச் சோறு வேண்டாம்." அன்றிலிருந்து அவருக்குக் கருப்பாயிதான் தனியாக உலை வைத்தாள். பேச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் இரவும் அவருக்கு இலை போடும்போது கதவோரம் வந்து நின்றாள். இன்றைக்காவது கூப்பிட மாட்டாரா என்று...

இப்போது துரையும் துரைசாணியும் சொந்த நாட்டுக்கே திரும்புகிறார்கள். சொல்லிக்கொள்ள வீடு தேடி வருகிறார்கள். வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது அந்தக் குடும்பத்தில் இல்லாத பழக்கம். அதனால் விருந்து வைக்கச் சொன்னவரும் கங்காணியேதான்.

"அக்கா, மாமாகிட்டச் சொல்லுங்க." பேச்சி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அவங்க ஊருல இப்படித்தான். களைஞ்சா அரிசியில இருக்கிற பால் போயிடும். அப்புறம் சேர்ந்து வராது. விருந்தாளிக்குப் பிடிச்சதைப் போடணும்னு மாமாதானே வாக்குக் கொடுத்தாங்க?"

கங்காணியின் மீசை துடித்தது. தான் சொன்ன சொல்லே எதிரில் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்!

"செய்யச் சொல்லு. ஆனா அந்தச் சோறு என் பக்கம் வரக் கூடாது."

அவர் போய்விட்டார். பேச்சி கோழிச்சாற்றை ஒவ்வொரு அகப்பையாக ஊற்றிக் கிண்டினாள். குங்குமப்பூ கரைந்து அரிசி பொன்னாக மாறியது. சட்டியில் விழுந்துவிடாதபடி கண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். முன்கூடத்து மேசையில் மங்குத் தட்டுகள் வைக்கப்பட்டன. துரைசாணி கொண்டுவந்திருந்த பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, பேச்சி பரிமாறிவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். துரை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். துரைசாணி மட்டும் கரண்டியைத் தொடவில்லை.

"பேச்சி! நீ வா. இங்க உட்காரு," என்றாள் தோட்டத்துத் தமிழில். "இன்னிக்கு நீ சாப்பிடாம நான் சாப்பிடாது."

"வேணாம்மா..."

துரைசாணி கங்காணியின் பக்கம் திரும்பினாள்.

"துவான் கங்காணி, இந்தப் பொண்ணு என் வீட்டுல மூணு வருசம் சமைச்சது. ஒரு ஸ்பூன்கூட வாயில வைக்கல! நான் சண்டை போட்டது. ருசி பாக்காம உப்பு எப்படி போடுவேன்னு கேட்டது. 'மூக்கு சொல்லும்'னு சொல்லிச்சு. மேசையில கோழி இருக்கும், இவ பின்வாசல் படியில உட்கார்ந்து வீட்டுக் கஞ்சி குடிக்கும். ஏன் கேட்டா... 'எங்க மாமா வீட்டுல சேராத சோறு எனக்கும் சேராது'ன்னு சொல்லிச்சு. மாட்டுக்கறி நான்தான் ஆக்கினது. இவ அந்தச் சட்டியத் தொட மாட்டா!"

கங்காணி மெல்ல மகனைப் பார்த்தார்.

"மூர்த்தி... உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்ப்பா."

"பாவி! ஏன்டா சொல்லல?"

"அவ விடலப்பா. 'மாமா என்னைக் கேக்கட்டும், நான் சொல்றேன். கேக்காம முடிவு பண்ணினவங்ககிட்ட நான் போய் சத்தியம் பண்ணணுமா'ன்னு..."

ஐயாசாமிக் கங்காணி எழுந்தார். கதவோரம் போனார்.

"பேச்சி..."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். எத்தனை நாள் கழித்து அந்தக் குரலில் தன் பெயர்!

"ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் தாயி. கேக்கல. மானம் மானம்னு நான் கத்திக்கிட்டுக் கிடந்தேன்... அதைக் கஞ்சியோட காப்பாத்தினது நீ. எனக்கு ஒரு தட்டு வை."

"மாமா!" என்று காலில் விழப் போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். கருப்பாயி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஊரு பேசினதை எல்லாம் நம்பிட்டேனேடி... உன்னை என்னென்னவோ சொல்லிட்டேனே!"

"அழுவாதீங்கக்கா. தட்டு எடுங்க, ஆறிடும்."

கங்காணி ஒரு வாய் போட்டார். மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மாமா... அரிசி நடுவுல வேகல, பாத்தீங்களா?" என்று கருப்பாயி காதோடு சொன்னாள்.

"எனக்குப் பல்லு இருக்கு. நீ சும்மா இரு."

பிறகு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமனார் முன் மருமகள் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வீடு அதுவரை காணாத காட்சி.

"உட்காரு. இனிமே உன் மாமன் தின்னுறதுதான் உனக்கும்."

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். தான் இத்தனை காலம் ஆக்கிப் போட்ட சோற்றை முதல் முறையாக வாயில் வைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயையோ... உப்புக் கம்மியா இருக்கே! எப்பவும் இப்படித்தான் போட்டேனாம்மா?"

"எப்பவும் கம்மி!" துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நான்தான் சொல்லல."

"யாருக்குக் கம்மி?" கங்காணி அதட்டினார். "எனக்குச் சரியா இருக்கு. இன்னும் ஒரு கரண்டி போடும்மா."

பேச்சி எழுந்து போட்டாள்.