அடியேனும் கொசுறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இந்தக் கதையில் காதலன் வெள்ளைக்காரன், காதலியும் வெள்ளைக்காரி. காதல் மட்டும் முழுக்கத் தமிழில் நடந்தது. வேறு வழியில்லை. அவனுக்கு டேனிஷ், அவளுக்கு பிரெஞ்சு. இருவருக்கும் பொதுவாக இருந்தது திருச்சியில் கற்ற அரைத் தமிழ் ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, ஐப்பசி மாதம். மார்க்கெட்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆக்ஸெல் என்கிற அந்த ஆறடி இளைஞன், கீரைக்கார வெள்ளையம்மாளின் சாக்குப் பந்தலுக்குள் பாய்ந்தான். அவன் தொப்பி சாக்கில் இடித்தது. அதில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும், கீழே குந்தி அமர்ந்து கீரை பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் கொட்டியது.

அவள் நிமிர்ந்தாள். பச்சைக் கண்கள்... இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. ஆக்ஸெலுக்கு மூச்சு விட மறந்துபோயிற்று. கையைக் கூப்பினான்.

"க்ஷமிக்கணும். அடியேன் அபராதம் பண்ணிட்டேன். தேவரீர் திருமேனியெல்லாம் நனைஞ்சுடுத்து."

அவள் வாய் பிளந்து பார்த்தாள். பிறகு முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தபடி எழுந்தாள்.

"ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? கொஞ்சம் குனிஞ்சு வந்தா கிரீடம் கொறைஞ்சு போயிடுமா?"

வெள்ளையம்மாள் கீரைக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "நல்லா கேளு ஈவத்தம்மா."

ஈவெத் என்பதுதான் அவள் பெயர். வெள்ளையம்மாளின் வாயில் அது ஈவத்தம்மா ஆகியிருந்தது.

இரண்டு பேருமே மிஷனரி வேலைக்கென்று கப்பலேறி வந்தவர்கள். பல தேசத்து மிஷன்கள் சேர்ந்து திருச்சியில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தின. ஆண்களுக்குத் தென்னூரில் ஒரு பங்களா, பெண்களுக்குப் புத்தூரில் ஒரு பங்களா. இரண்டுக்கும் நடுவே நிலையத்தை நடத்திய பெரிய துரையின் கண் எப்போதும் விழித்தே இருக்கும். காலை ஐந்தரைக்கு மணி, ஜெபம், மலேரியா வராமலிருக்கக் கொய்னா மாத்திரை, கஞ்சி. அப்புறம் பகல் முழுக்கத் தமிழ். வேறு பாஷை பேசியவர்களுக்கு அன்று பாயசம் கிடையாது. முதல் மாதம் யாருமே பாயசம் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது, வந்த அன்றே கையெழுத்துப் போட்ட பத்திரம். தமிழ்ப் பரீட்சை தேறும்வரை கல்யாணம் கூடாது, கல்யாணப் பேச்சும் கூடாது. மூன்று முறை கோட்டை விட்டால் ஊருக்குக் கப்பல். அவனும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான், அவளும் இரண்டு முறை.

பரீட்சைக்கு இரண்டு பாகம். நல்ல தமிழில் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்ய வேண்டும். பிறகு தெருவில் முதலில் எதிர்ப்படும் ஆளிடம் கால்மணி நேரம், அந்த ஆளுக்குப் புரியும்படி பேச வேண்டும். ஆக்ஸெலுக்குப் பாடம் சொன்னவர் ஸ்ரீரங்கத்து முன்ஷி சக்ரபாணி ஐயங்கார். அவர் வீட்டில் பேசுகிற தமிழையே அவனுக்கும் கொடுத்துவிட்டார். பிரசங்கம் தேனாக ஓடும்... தெருவில் இறங்கினால் போயிற்று. போன தடவை அரியமங்கலத்தில் வீரமலை என்ற விவசாயியிடம் கால்மணி நேரம் பேசினான். அந்த மனிதர் கடைசிவரை பணிவாகக் கேட்டுவிட்டு, "சாமி, பிரசாதம் எப்ப குடுப்பீங்க?" என்றார்.

ஈவெத்துக்கு நேர்மாறு. அவள் தமிழ் மொத்தமும் வெள்ளையம்மாளின் கீரைக்கடையில் வாங்கியது. தெருவில் அவளை அசைக்க ஆளில்லை. பிரசங்கத்தில்தான் வழுக்கும். போன பரீட்சையில், "ஆண்டவரே, பாவமன்னிப்பைக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க. கொசுறா சமாதானமும் வெச்சுக் குடுங்க" என்று ஜெபித்து முடித்தாள். பரீட்சை எடுத்த மாசிலாமணி போதகர் சிரிப்பை அடக்க வெளியே எழுந்து போகவேண்டியதாயிற்று.

மழை விடுவதற்குள் இந்தக் கதையெல்லாம் பந்தலுக்கடியில் பேசித் தீர்ந்தது.

"நீங்க எனக்குப் பிரசங்கத் தமிழ் கத்துக் குடுங்க. நான் உங்களுக்குத் தெருத் தமிழ் கத்துக் குடுக்கறேன்" என்றாள் ஈவெத். "சரிக்குச் சரி. என்ன சொல்றீங்க?"

"அடியேன் தன்யனானேன்."

"மொதல்ல அதை நிறுத்துங்க."

மொழிப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்ததால் பெரிய துரையும் அனுமதித்தார், முன்ஷி கூட இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமைகளில் அம்மா மண்டபத்துப் படித்துறை. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சக்ரபாணி ஐயங்கார் மேல்படியில் தூணில் சாய்ந்து உட்காருவார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்கும்.

"'அடியேன்' வேண்டாம். 'நான்'னு சொல்லுங்க."

"நான்னு சொன்னா அகங்காரம்னு வாத்தியார் சாதிச்சிருக்கார்."

"கீரைக்கடையில அகங்காரம் இல்லேன்னா அழுகல் கட்டுதான் கெடைக்கும். எங்க, சொல்லுங்க பாப்பம்."

"நா..." என்று ஆரம்பித்து அவளைப் பார்த்தான். அந்தப் பச்சைக் கண்கள் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் யாருக்குத்தான் நான் என்று சொல்ல வரும்?

ஈவெத்துக்கும் மனசு சரியில்லை. புதன்கிழமையே சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தது அது. 'பரீட்சைக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுமில்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அதையும் தமிழில்... பத்திரம் ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தோற்றால் கப்பல். கப்பல் என்றால் ஆக்ஸெலின் நீலக் கண்ணும் போச்சு, காவிரியும் போச்சு.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆக்ஸெல் அந்தக் காரியத்தைச் செய்தான். அவளுக்காக ஒரு பிரசங்கத்தை முழுசாக எழுதி, நாலு தாளில் அழகாகப் பிரதி எடுத்து நீட்டினான்.

அவள் முதல் தாளைப் படித்தாள். முகம் சிவந்தது.

"நான் தோத்துடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்படியில்லை... தேவரீருக்கு ஒத்தாசையா..."

"எனக்கு ஒண்ணும் யாரும் இனாமாப் போட வேண்டாம்."

அவனுக்கும் சுருக்கென்றது. கோபத்தில் ஒன்று சொல்லிவிட்டான். "சரி. கீரைக்கடைப் பேச்சையே பிரசங்கம் பண்ணுங்கோ."

இப்படித்தான், நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். ஈவெத் தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள். சக்ரபாணி ஐயங்கார் விழித்துக்கொண்டு, "பாடம் ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றான் ஆக்ஸெல்.

மறுநாளே பங்களா சமையல்கார ஷேக் தாவூது மார்க்கெட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். ஆக்ஸெலின் கண் அதிலேயே நின்றது. அவன் கையெழுத்து... நாலாவது தாள்.

'இவ்வளவுதானா நான் அவளுக்கு?' என்று நினைத்தான். அவமானத்தால் காது மடல்கூடச் சூடாயிற்று. ஆனாலும் தாளை எறிய மனசு வரவில்லை. கறிவேப்பிலை வாசனையோடே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை படித்துறைக்குப் போகவில்லை. அவள் வந்தாளா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

பரீட்சை நாள், கார்த்திகை மழை. ஈவெத்துக்கு இரண்டு பாகமும் காலையிலேயே. ஆக்ஸெலுக்குப் பிரசங்கம் முடிந்து, தெருப் பரீட்சை மட்டும் மாலை நாலு மணிக்கு. மாசிலாமணி போதகர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கடிகாரமுமாகப் பரீட்சை நடந்த தென்னூர் பங்களா வாசலுக்கு அவனை அழைத்து வந்தார்.

"முதல்ல யார் வராங்களோ அவங்ககிட்டப் பேசணும், தம்பி."

முதலில் வந்தது வெள்ளையம்மாள். தலையில் காலிக் கூடை, அதன் மேல் ஒரு கோணிச் சாக்கு.

"தொரை, உங்களைத்தான் தேடி வந்தேன். ஏன் தொரை இப்படிப் பண்றீங்க? அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆக்ஸெல் போதகரைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது... என்கிட்ட கோவமா இருக்குங்க" என்றான்.

"கோவமாவது ஒண்ணாவது. சாக்குல வெச்சுட்டுப் போன காயிதத்தை நான்தான் பிரிச்சுப் பொட்டலம் கட்டிட்டேன். எனக்கு எழுத்தா தெரியும்? திரும்பி வந்துச்சு, தேடுச்சு. கட்டி வெச்சிருந்த பொட்டலத்தை எல்லாம் அவுத்துப் பாத்துச்சு. மூணுதான் கெடைச்சுது. நாலாவது கெடைக்கலேன்னு மழையில உக்காந்து அழுதுச்சு, தொரை. சனிக்கெழம ஆத்தங்கரைக்கும் வந்து சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடந்துச்சு."

ஆக்ஸெல் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை மெல்ல எடுத்தான்.

"நாலாவது என்கிட்டதாங்க இருக்கு. எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. நானும் கிறுக்கன் மாதிரி, வேணும்னே குடுத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

பத்திரம் ஞாபகம் வந்தது. கல்யாணப் பேச்சு கூடாது. பேசினால் தேறினாலும் தேறாத மாதிரிதான். பேசாவிட்டால், காலையில் அவள் தோற்றிருந்தால், ஒன்றும் தெரியாமலே கப்பல் ஏறிவிடலாம். ஆக்ஸெல் ஒரு பெருமூச்சு விட்டான்.

"நான்..." என்றான். அந்தச் சொல் இந்தத் தடவை தடுக்காமல் வந்தது. "எனக்கு அவங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க. காலையில கண்ணு முழிச்சா அவங்க மொகம்தான். கஞ்சி எறங்க மாட்டேங்குது. பாஸோ ஃபெயிலோ, கட்டிக்கிட்டா அவங்களைத்தான் கட்டிக்கணும்."

வெள்ளையம்மாள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். ஆக்ஸெல் திரும்பினான். காலையில் பரீட்சை முடிந்தும் போகாமல், வாசல் தூணருகே ஈவெத் நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் கண்கள் நிரம்பி வழிந்தன... அது மழையல்ல.

போதகர் கடிகாரத்தை மூடினார். ஆக்ஸெல் அவரைக் கலக்கத்தோடு பார்த்தான்.

"பரீட்சை எப்பவோ முடிஞ்சுது, தம்பி. 'கிறுக்கன் மாதிரி'ன்னு சொன்னீங்களே, அங்கேயே பாஸ் போட்டுட்டேன். அதுக்கு அப்புறம் பேசினது உங்க சொந்த விஷயம்."

"அவங்க?"

"அம்மா காலையிலேயே பாஸ். மூணு பங்கு பிரசங்கம் உங்க தமிழ். நாலாவது பங்கு அவங்க தமிழ். அதுதான் நல்லா இருந்துச்சு."

ஆக்ஸெல் இரண்டடி முன்னால் போனான். தொப்பியைக் கழற்றினான். பேரம் பேச அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாளே.

"என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்" என்று நனைந்த தாளை நீட்டினான். "பாத்துப் போட்டுக் குடுங்க."

ஈவெத் தாளை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள், கறிவேப்பிலை வாசனை. பிறகு இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, வெட்கத்தோடு மெதுவாகச் சொன்னாள்.

"அடியேனுக்குப் பரம சம்மதம்."

வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதகரின் குடைக்குள் தலையை நீட்டி, "என்னங்க சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"கட்டிக்கிறேன்னு சொல்லுதும்மா" என்றார் மாசிலாமணி போதகர்.