மழை தொடாத அம்பு!

"ஐயோ... யாராவது ஓடியாங்களேன்...!"

அலறல் தேயிலைச் சரிவிலிருந்து வந்தது.

மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த அலேமா முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். காலை ஏழு மணி. வட தாய்லாந்து மலையின் லிசு மக்களுக்குப் புத்தாண்டு வர இன்னும் நாலே நாள். ஊரே ஒட்டடை அடித்து, பன்றி பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

அலறியது மீமா. அலேமாவின் நாத்தனார். ஊர்த் தலைவர் அபேபாவின் மனைவி.

இனி, மனைவி இல்லை... விதவை!

தலைவர் சரிவில் கட்டியிருந்த தன் தொங்கு படுக்கைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். இடது விலாவில் ஓர் அம்பு. உதடு நீலம். வாயில் நுரை.

விஷ அம்பு!

"கிட்ட போகாதீங்க!" என்றது கூட்டம், கிட்டப் போய்க்கொண்டே.

அலேமாவின் கண் அம்பின் வால் பக்கம் போனது. இரண்டு வளையம். நடுவில் ஒரு குறுக்கு வெட்டு.

அது வூஸா தன் அம்புகளில் வெட்டும் குறி.

வூஸா... அவள் கணவன்! ஐந்து வருஷத்துக்கு முன் வேட்டைக்குப் போய், திரும்பாமலே போன வூஸா!

*

கேப்டன் துசித் ஒன்பதரைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி முதலில் ஜீப்பிலிருந்து இறங்கியது. பிறகு மீசை. கடைசியாக, அவர்.

பிணத்தைப் பார்க்கும் முன் பிணத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். சரியாக விழவில்லை. இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

"மே ஹோங் ஸோன் மாகாணத்துல என் கையில வந்த எந்தக் கேசும் சாயங்காலத்தைத் தாண்டினதில்ல. சார்ஜென்ட்! காயம் எவ்வளவு ஆழம்?"

சார்ஜென்ட் பூன்மா அம்பைப் பிடுங்கி, தன் விரலை வைத்துப் பார்த்தார். "ரெண்டு விரல்கடை சார்."

"நோட் பண்ணு. ரெண்டு விரல். யார் விரல்னும் எழுது. எல்லாம் விஞ்ஞானபூர்வமா இருக்கணும்."

அம்பு பிளாஸ்டிக் பைக்குள் போனது. கேப்டன் அதைக் கூட்டத்தின் முன் ஆட்டினார்.

"யார் அம்பு இது?"

ஒரு கிழவர் முணுமுணுத்தார். "செத்துப்போனவனோட அம்பு, ஐயா. ஆவி வந்திருச்சு..."

"ஆவிக்கு விலங்கு மாட்ட எனக்குத் தெரியாது. உயிரோட இருக்கறவங்க யாராவது சொல்லுங்க!"

"என் புருஷனுது," என்றாள் அலேமா.

கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. "நீ யாரும்மா?"

"அலேமா. தலைவரும் என் புருஷன் வூஸாவும் ஒண்ணாத்தான் வேட்டைக்குப் போனாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. தலைவர் மட்டும் திரும்பி வந்தாரு. வூஸா ஆத்துல விழுந்துட்டான்னு சொன்னாரு. நாலு நாள் ஆத்தையே சலிச்சோம். உடம்பு கிடைக்கல."

"தலைவர்தான் முன்ன நின்னு தேடினாரு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

உண்மைதான். அழுதுகொண்டே தேடினார். அந்த வருஷம் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க இருந்த ஒரே ஆள் வூஸா. போட்டியில்லாமல் ஜெயித்தபோதும் அழுதார். அதற்கப்புறம் யாரையும் சேர்க்காமல் தனியாகத்தான் வேட்டைக்குப் போனார். துக்கம் என்று ஊர் நினைத்தது.

"உடம்பு இல்லாம எப்படிக் காரியம் பண்ணினீங்க?"

"அவர் பொருளை வச்சுப் புதைச்சோம் ஐயா. சட்டை, கத்தி, தூணி. தூணியில பன்னெண்டு அம்பு. ஊரே பார்த்துச்சு."

கேப்டன் விரலைச் சொடுக்கினார்.

"கேஸ் முடிஞ்சுது!"

"சார்...?" என்றார் சார்ஜென்ட்.

"யோவ், அம்பு குழிக்குள்ள இருந்துச்சு. இப்ப வெளிய இருக்கு. நடுவுல யாரோ தோண்டியிருக்கான். அவ்வளவுதான்யா! மூங்கில் என்ன, கத்தரிக்காயா? எங்க தாத்தாவோட மூங்கில் நாற்காலி நாப்பது வருஷமா அப்படியே இருக்கு. அம்பு அஞ்சு வருஷம் தாங்காதா?"

அலேமாவுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால்.

அம்பு என்ன, நாற்காலியா? கல்லில் பட்டால் ஒரே தடவைதான். பன்றி மேல் பாய்ந்தால் அது புரண்டே முறித்துவிடும். ரத்தம் குடித்த தண்டு காய்ந்ததும் கோணும். தப்பிப் பிழைத்து நாலு வேட்டை பார்த்த அம்பை இந்த மலையில் விரல் விட்டு எண்ணலாம்.

மண்ணுக்குள்ளே என்றால்... ஒரே மழை!

முதலில் வாலில் மடித்துச் செருகிய ஓலை போகும். அடுத்து விஷம் செத்துப்போகும். அப்புறம் கறையான்.

சொல்ல வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

பைக்குள் இருந்த அம்பின் ஓலை முழுசாக இருந்தது. தண்டு நேராக இருந்தது. விஷம் ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறது.

மழை தொடாத அம்பு!

அப்படியென்றால் இது குழிக்குள் போன அம்பு இல்லை. இந்த வருஷம் செய்தது. இந்தக் குறியை இப்படி வெட்ட ஒரே ஒரு கைதான் உண்டு. காயம் ஆழமில்லை... ரொம்பத் தூரத்திலிருந்து விட்டிருக்கிறான். காட்டோரத்திலிருந்து!

வூஸா உயிரோடு இருக்கிறான்!

ஏன் வீட்டுக்கு வரவில்லை? எங்கே படுக்கிறான்? என்ன சாப்பிடுகிறான்? கேள்விகள் முட்டிமோதின. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு பயம் முன்னால் வந்தது.

'புது அம்பு' என்று சொன்னால் நாய்களோடு காட்டுக்குள் இறங்குவார்கள்.

"குழியைத் தோண்டி அம்பை எடுத்தது யாரு?" கேப்டன் கர்ஜித்தார்.

"நான்தான்."

ஊர் திகைத்தது.

"அண்ணி...!" மீமாவின் குரல் உடைந்தது.

"நீ பேசாம இரு மீமா. ஆமா ஐயா. என் புருஷனை இவர்தான் கொன்னிருப்பாருன்னு எனக்குச் சந்தேகம். தோண்டி எடுத்தேன். கொன்னேன்."

"அஞ்சு வருஷம் என்ன பண்ணிட்டிருந்த?"

"யோசிச்சிட்டிருந்தேன்."

"பொம்பளைங்க யோசிச்சா இப்படித்தான்," என்றார் கேப்டன். "சார்ஜென்ட், விலங்கு! அப்படியே பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு போன். மத்தியானம் குழியைத் தோண்டறோம். மீதிப் பதினொரு அம்பையும் எடுத்து வரிசையா வைக்கிறோம். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அலேமாவின் முகம் வெளுத்தது.

"குழியை... எதுக்கு ஐயா தோண்டணும்? நான்தான் ஒத்துக்கிட்டேனே!"

"ஆதாரம்மா... ஆதாரம்!"

தோண்டினால் பதினொரு அம்பு இருக்காது. மக்கிய தூள்தான் இருக்கும். அதே குழியில் கிடந்த பன்னிரண்டாவது அம்பு மட்டும் எப்படி முழுசாக வந்தது என்று கேப்டனுக்குக்கூடச் சந்தேகம் வந்துவிடும்!

*

மூன்று மணி.

நாலு பத்திரிகைக்காரர்கள். இரண்டு கேமரா. கேப்டன் தலை வாரியிருந்தார்.

அலேமா விலங்கோடு நின்றாள். கண்ணெல்லாம் காட்டோரத்தில். 'வராதே... ஓடிப் போ... தூரமாப் போயிடு...' உதடு அசையாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மண்வெட்டி 'ணங்' என்றது.

"சார்..." குழிக்குள்ளிருந்து சார்ஜென்ட்.

"அம்பா? மெதுவா எடுய்யா. கேமராவுக்குக் காட்டி எடு!"

"அம்பு இல்ல சார்... ஒண்ணுகூட இல்ல..."

"பின்ன?"

"ஆள் சார்!"

கேப்டனின் கறுப்புக் கண்ணாடி மூக்கில் சறுக்கியது.

எலும்புக்கூடு ஒன்று. மண்டையின் பின்புறம் அரிவாள் வெட்டு. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு.

அந்தக் கோணல் காலுக்கு மூன்று மாதம் மூலிகை கட்டியவள் அலேமா.

அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காட்டோரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். இனி அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

ஆற்றைச் சலித்த நாலு நாளும் உடம்பு வேறெங்கோ கிடந்திருக்கிறது. காரியம் முடிந்ததும், புதுமண் காயும் முன்பே, இதற்குள் வந்துவிட்டது. ஏற்கெனவே புதைத்த குழியை யார் மறுபடி தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"கேப்டன், அம்பைக் காட்டுங்க!" என்றார் ஒரு பத்திரிகைக்காரர்.

கேப்டன் தடுமாறிப் பையைத் திறந்து அம்பை வெளியே எடுத்தார். காற்று அலேமாவின் பக்கம் வீசியது.

புகை வாசனை!

அடுப்புப் புகை. பைன் விறகுப் புகை. காலையில் பார்த்தபோது தண்டு வெறும் பழுப்பு நிறமாகத்தான் தெரிந்தது. புகைக்கரி!

அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்ட அம்புக்கு மழை கிடையாது. கறையான் கிடையாது. ஓலை அப்படியே இருக்கும். தண்டு கோணாது. ஐந்து வருஷம் என்ன... பத்து வருஷமும் தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை விஷம் மட்டும் புதிதாகப் பூசினால் போதும்.

இது புது அம்பு இல்லை. புதைத்த பன்னிரண்டில் ஒன்று! உடம்பை உள்ளே போட்டவன், அம்புகளை வெளியே எடுத்திருக்கிறான். இந்த மலையிலேயே சிறந்த கை செய்த அம்புகள். மண்ணில் மக்கவிட எந்த வேட்டைக்காரனுக்குத்தான் மனசு வரும்?

அபேபாவின் அடுப்பு... அபேபாவின் பரண்... அங்கிருந்து ஒன்றை எடுக்க யாரால் முடியும்?

அலேமா நிமிர்ந்தாள்.

ஊர் முழுக்கக் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் அலேமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீமா! வூஸாவின் கூடப் பிறந்த தங்கை. நகமெல்லாம் ஒட்டடைக் கரி.

மீமா ஓர் அடி முன்னே வந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஐயா!" அலேமா முந்திக்கொண்டாள். "நான் கொல்லல!"

"என்னம்மா இது! காலையில நீதானே ஒத்துக்கிட்ட?"

"குழியைத் தோண்டி எடுத்தேன்னு சொன்னேன். தோண்டியிருந்தா இந்த எலும்பைப் பார்த்திருக்க மாட்டேனா? பயத்துல உளறிட்டேன். நீங்க போட்ட மிரட்டல்ல யாருமே ஒத்துக்குவாங்க."

கேமரா கேப்டன் பக்கம் திரும்பியது.

"அப்ப... அம்பு எப்படி வந்துச்சு?"

"தலைவர் வீட்டு அடுப்புப் பரணைப் பாருங்க ஐயா. மீதி அங்கதான் இருக்கும். என் புருஷனை வெட்டிப் போட்டுட்டு அம்பைத் திருடினவரு அவருதான்."

"சரி, அவரைக் குத்தினது யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் எழுந்து நின்றாள்.

"யாரும் குத்தல. ஐயா, நீங்களே ஆழம் பார்த்து எழுதச் சொன்னீங்க. ரெண்டு விரல்! வில்லுல இருந்து வந்த அம்புன்னா விலாவைத் துளைச்சு மறுபக்கம் எட்டிப் பார்த்திருக்கும். புத்தாண்டு வேட்டைக்குப் புது விஷம் பூசி, மடியில வச்சுட்டே தூங்கியிருப்பாரு. படுக்கை கவுந்திருக்கும். அம்பு மேலேயே விழுந்துட்டாரு. குப்புறத்தானே கிடந்தாரு?"

கேப்டன் இரண்டு விநாடி யோசித்தார். அவருக்கு அது அதிகம்.

பிறகு மீசை மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடி மூக்கில் மேலேறியது.

"நண்பர்களே!" என்றார் கேமராவைப் பார்த்து. "காலையில ஆழத்தை அளக்கச் சொன்னப்பவே இது விபத்துன்னு எனக்குத் தெரியும். அஞ்சு வருஷமா யாருமே கண்டுபிடிக்காத ஒரு கொலையை வெளிய கொண்டுவரத்தான் இந்தம்மாவைக் கைது பண்ற மாதிரி ஒரு நாடகம் ஆடினேன்!"

பத்திரிகைக்காரர்கள் கைதட்டினார்கள். சார்ஜென்ட் பூன்மா மட்டும் வானத்தைப் பார்த்தார்.

*

கூட்டம் கலைந்தபின் இரண்டு பெண்களும் குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றியாகிவிட்டது.

"ஒட்டடை அடிக்கிறப்ப ஒண்ணு கீழ விழுந்துச்சு அண்ணி," என்றாள் மீமா. "கரியைத் துடைச்சேன். அண்ணன் குறி..."

"கேட்டியா?"

"கேட்டேன். 'நல்ல அம்புடி, மண்ணுக்குள்ள போய் வீணாப் போகணுமா?'ன்னாரு. எப்படி எடுத்தீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. அம்பு வீணாப் போகக் கூடாதாம் அண்ணி... எங்கண்ணன் போகலாமாம்!"

"சத்தம் போடாதே."

"நீங்க எதுக்கு அண்ணி காலையில பழியை ஏத்துக்கிட்டீங்க? என்னைக் காப்பாத்தவா?"

"உன்னை நினைக்கவே இல்லடி." அலேமா துணி மூட்டையைத் தடவினாள். "ஓலை முழுசா இருந்துச்சு. அவர்தான் புதுசா செஞ்சு விட்டிருக்காருன்னு நினைச்சுட்டேன். காலையில பத்து மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் எனக்குப் புருஷன் உயிரோட இருந்தான், மீமா. அஞ்சு மணி நேரம். வந்தா என்ன சமைக்கிறதுன்னுகூட யோசிச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மீமா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஐந்து வருஷத்துக்கு முன் வெறும் சட்டைக்காக அழுத அழுகை வேறு. இது வேறு.

பூட்ஸ் சத்தம் கேட்டது.

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கேப்டன் துசித்! கையில் ஆறு அம்புகள். பரணில் மீதி இருந்தவை; மற்ற ஐந்தும் ஐந்து வருஷ வேட்டையில் தீர்ந்திருந்தன.

"அஞ்சை மேலிடத்துக்கு அனுப்பறேன்மா," என்றார், வழிந்த குரலில். "ஒண்ணை மட்டும்... என் ஆபீஸ் மேஜையில வச்சுக்கலாம்னு பார்க்கறேன். நான் கண்டுபிடிச்ச கேஸ் பாரு, ஒரு ஞாபகத்துக்கு. உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

அலேமா எழுந்து, ஆறில் நேரான ஒன்றைத் தேர்ந்து, வால் பக்கமாக மரியாதையோடு நீட்டினாள்.

"தாராளமா வச்சுக்கோங்க ஐயா. ஆனா, முதுகு சொறியறதுக்கு மட்டும் வேற குச்சி பார்த்துக்கோங்க!"